பாதி டேங்க்

பழைய டெம்போவின் பின்சீட்டைக் கழற்றி
கட்டில் ஒன்று, அடுப்பு ஒன்று,
கட்டிலுக்கு அடியில் நூறு லிட்டர் நீல டேங்க்.
எல்லாம் ஷெல்டனின் வெல்டிங்.
மார்த்தாண்டத்தில் மூன்று ஞாயிறு தீப்பொறி பறந்தது.
குழாய் மட்டும் நான் வாங்கினேன், பித்தளையில்.

முதல் பயணத்தன்று மத்தியானம் முதல் சண்டை.
நூறு லிட்டர்னா நூறு கிலோ, கேட்டியா,
ஏத்தத்துல வண்டி வலிக்காது.
கீரிப்பாறையில கல்லைப் புரட்டினா வெள்ளம்.
மலைக்கு வெள்ளம் சுமக்கிறவள
இப்பதான் பாக்கேன் என்றான்.

எங்கள் பக்கம் தண்ணீரை வெள்ளம் என்போம்.
திருநெல்வேலியில் படித்த மூன்று வருஷமும்
குடிக்கக் கொஞ்சம் வெள்ளம் கேட்டு
விடுதி முழுக்கச் சிரிப்பு வாங்கியவள் நான்.
அதே விடுதியில், ஏப்ரலில்,
ஒரு வாளிக்கு விடியுமுன் வரிசையில் நின்றிருக்கிறேன்.
அதை அவனிடம் சொல்லவில்லை.
பாத்திரம் கழுவ, கால் கழுவ, ராத்திரி அவசரத்துக்கு
என்று வேறெதையோ அடுக்கினேன்.

பாதி என்று முடிவாயிற்று.
கல்யாணமான நாளிலிருந்து எங்கள் முடிவுகள்
பாதியில் வந்துதான் நிற்கும்.
மீன்குழம்பில் புளி பாதி, மாங்காய் பாதி.
யாருக்கும் நஷ்டமில்லை, ருசியுமில்லை.

அருமநல்லூர் தாண்டும்வரை ஒன்றும் தெரியவில்லை.
தடிக்காரன்கோணம் கழிந்து முதல் வளைவில்
கட்டிலுக்கு அடியில் யாரோ புரண்டு படுத்தார்கள்.
வண்டி இடம் திரும்பினால் வெள்ளம் வலம் போனது.
சாலை நேரான பிறகும்
அது தன் வளைவை முடிக்காமல் இருந்தது.
பிரேக் போட்டால் ஒரு நொடி கழித்து முதுகில் தள்ளு.
ஐம்பது கிலோதான். ஆனால்
ஐம்பதும் ஒரே பக்கம் வந்து நியாயம் கேட்டது.
ஷெல்டன் பேச்சை நிறுத்தி
ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்தான்.
நான் ரப்பர் மரங்களை எண்ணத் தொடங்கி
பதினேழில் வாந்தியெடுத்தேன்.

ஓடைப் பக்கம் நிறுத்தினோம்.
கொட்டிரலாம் என்று குழாயைத் திறந்தான்.
குளோரின் வாடையோடு குழித்துறைப் பைப்பு வெள்ளம்
ஓடைக்குள் விழுந்தது. ஓடை பொருட்படுத்தவில்லை.
என்ன தோன்றியதோ, அவனே அடைத்தான்.
நிறைச்சிருவோமா? நிறைஞ்சா ஆடாதுல்லா.

ஐந்து லிட்டர் பெயிண்ட் டப்பா ஒன்று.
வடிகட்ட என் ஷால், நாலு மடிப்பாக.
அவன் இறங்கி மொண்டான், நான் ஊற்றினேன்.
மூச்சு வாங்கியதும் மாறிக்கொண்டோம்.
ஏழாவது டப்பாவில் நகமளவு மீன் ஒன்று
ஷாலில் துள்ளியது.
அதற்காக ஒருமுறை தனியே இறங்கி ஏறினான்.
விளிம்பு தொட்டபோது வெளிச்சம் பாதி போயிருந்தது.

அப்புறம் வளைவுகளில் சத்தமே இல்லை.
ஏற்றத்தில் வண்டி வலிக்கவும் இல்லை;
முதல் கியரில் முனகியது.
நான் சொன்னேன்லா என்று
அவனும் சொல்லவில்லை.

தோட்டத்து ஓரத்தில் ராத்திரி மழை.
கூரையில் வெள்ளம், சக்கரத்தடியில் வெள்ளம்,
படுத்திருந்த பலகைக்குக் கீழே
அசையாமல் நூறு லிட்டர்.
மரச்சீனி அவிக்க, கட்டன்சாயாவுக்கு, பல் தேய்க்க
எல்லாம் சேர்த்து ஒன்பது லிட்டர் செலவு.
மீதியை வீடுவரை கொண்டுவந்தோம்.
சோறு வெந்தது, துணி முக்கினேன்,
ஏத்தன் வாழைக்கும் ஊற்றினேன்.
செவ்வாய் வரை மலை வந்தது.

இன்று சனி.
வண்டிக்கு அடியில் இரண்டு கால் தெரிகிறது.
நிறையவா, காலியாவா? என்கின்றன கால்கள்.
பாதி என்ற ஒன்றை அவை கேட்கவில்லை.
எங்க போறோம்?
முட்டம்.
கண்ணெட்டும் தூரம் வெள்ளம்,
ஒரு மடக்கு குடிக்க முடியாது
என்று சொல்ல வாயெடுத்து
ஓஸ் முனையை உள்ளே செருகினேன்.
நிறைகிற ஓசை தடித்த குரலில் தொடங்கி
மெலிந்து மெலிந்து மேலேறி
கழுத்தில் வந்து நிற்கும்வரை
இருவரும் பேசவில்லை.