இரண்டு விசில்

திருமங்கலத்துக்கும் மாட்டுத்தாவணிக்கும்
ஒரு நாளில் எட்டு நடை.
ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டி
மூணு முழு, ஒரு அரை என்பவருக்கு
மீதியை என் விரல் எண்ணிவிடும்,
வாய் அந்நேரம்
படிக்கட்டில் தொங்குகிறவனை
உள்ளே வாடா என்று திட்டிக்கொண்டிருக்கும்.

அந்த விரலோடுதான் வீட்டிலும் உட்கார்ந்தேன்.

நிறைமதி. ஆறாம் வகுப்பு.
ஏழில் மூன்றும் பதினான்கில் ஒன்றும்
கூட்டினால் எவ்வளவு?
அவள் பென்சிலைச் சீவி முடிப்பதற்குள்
அரை என்றேன்.
அரை என்று எழுதினாள்.
அடுத்தது? ஒன்றேகால்.
ஒன்றேகால் என்று எழுதினாள்.
பத்து நிமிஷத்தில் பத்துக் கணக்கு.
கலெக்‌ஷன் நன்றாக இருந்த நாள் போலக்
காலை நீட்டிப் படுத்தேன்.

நோட்டு திரும்பி வந்தது.
ஒவ்வொரு விடைக்கும் பக்கத்தில்
சிவப்பு மையில் ஒரே கேள்வி:
செய்முறை எங்கே?

விடைதான் சரியாக இருக்கிறதே,
இன்னும் என்ன வேண்டுமாம்?
பெற்றோர் கூட்டத்துக்கு
காக்கிச் சட்டையோடே போனேன்.
எஸ்தர் டீச்சர் மாதத் தேர்வுத் தாளை
என் பக்கம் தள்ளினார்.
நாற்பதுக்குப் பதினொன்று.
"வீட்ல யார் சார் கணக்குப் போடுறது?"
நான்தான் என்றேன், பெருமையாக.
"அதான். பரீட்சைக்கு நீங்க வரலையே."

அன்று டிப்போவில்
பன்னிரண்டு ரூபாய் இடித்தது.
கையிலிருந்து போட்டுவிடுகிறேன் என்றேன்.
கேஷியர் ஒச்சப்பன் கண்ணாடியை ஏற்றினார்.
"காசு கிடக்கட்டும்யா,
எந்த ஸ்டேஜ்ல விட்டேன்னு சொல்லு."
கோரிப்பாளையம், சிம்மக்கல், பெரியார்,
பழங்காநத்தம், பசுமலை
என்று பின்னாலேயே போனோம்.
பெண்களுக்குக் கிழித்த
காசில்லாச் சீட்டையும்
ஒவ்வொன்றாக எண்ணச் சொன்னார்.
"பூஜ்யம்னா கணக்குல வராதா?"
திருநகரில் அகப்பட்டது.
சீட்டைக் கொடுத்திருக்கிறேன், காசை வாங்கவில்லை.
நாற்பதிலிருந்து பதினொன்றைக்
கழித்துக்கொண்டிருந்திருக்கிறேன் அப்போது.

ஜெய்ஹிந்த்புரத்தில் மாடி ஏறும்போது எட்டரை.
டிவியின் மேல் துண்டைப் போட்டு மூடியிருந்தாள்
பேச்சியம்மாள்.
தோசை இருக்கு, சட்னி ஒம்பதுக்கு மேலதான் என்றாள்.
மிக்ஸி போட்டால் புள்ளைக்கு எண் கலையுதாம்.
எத்தனை நாளாக இந்த ஏற்பாடு
என்று கேட்க வெட்கமாக இருந்தது.

மகளுக்கு எதிரில் உட்கார்ந்தேன்.
ஐந்தில் இரண்டும் மூன்றில் ஒன்றும்.
விடை தொண்டைவரை வந்து
படிக்கட்டில் நின்று தொங்கியது.
பையிலிருந்து விசிலை எடுத்துப்
பல்லிடுக்கில் வைத்துக் கடித்தேன்.

அவள் மேலே இருப்பதை மேலேயும்
கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டினாள்.
எட்டில் மூன்று.
என்னை மீறிப் பீப் என்றது.

பென்சில் நின்றது.
"எந்த ஸ்டாப்பு?" என்றாள், சிரிக்காமல்.
தெரியல. எங்க ஏறினே,
எப்படி வந்தேன்னு நீதான் சொல்லணும்.

இரண்டு பட்டை வரைந்தாள்,
ஒன்றை ஐந்தாக, ஒன்றை எட்டாக வெட்டினாள்.
பேச்சியம்மாள் தோசையைத் திருப்ப மறந்து
எட்டிப் பார்த்தாள்.
"அப்பா, கூட்டினதுக்கு அப்புறம்
குறைஞ்சுல்ல போச்சு!
ஆள் ஏற ஏற பஸ்ல ஆள் குறையுமா?"

அழித்தாள். தாள் லேசாகக் கிழிந்தது.
கீழே பதினைந்து வேண்டுமென்று
அவளே கண்டுபிடிக்க
ஒரு தோசை கருகுகிற நேரம் ஆனது.
பதினைந்தில் ஆறு. பதினைந்தில் ஐந்து.
ஒவ்வொரு வரியையும் எழுதினாள்,
எனக்குத் தேவையில்லாத வரிகளையும்.
கடைசியில்
பதினைந்தில் பன்னிரண்டு என்று போட்டு
அடிக்கோடு இழுத்தாள்.

மிக்ஸி உறும ஆரம்பித்தது.

சரியாப்பா?

ஒன்று இடிக்கிறது.
நாளைக்கு எஸ்தர் டீச்சர் பார்ப்பார்,
அதற்கு முன்னால் இவளே பார்த்தாலும் பார்ப்பாள்.
வழி முழுக்க எழுதிக் கிடக்கிறது.

இரண்டு விசில் அடித்தேன்.