யார் மூடியைத் திறந்து வச்சது

கரைப்பார் கரைத்தால் கல்லும் கரையுமாம்.
இது கல்லைத் தொடாது.
நகப்பூச்சை எடுக்கும், பசையை எடுக்கும்,
தூரிகையில் ஒட்டிய ரெசினை
இறுகுவதற்குள் கொடுத்தால் எடுக்கும்.
இறுகிவிட்டால்
தூரிகையைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

போலந்தில், அவ்குஸ்தூவ் ஊரின் படகுப் பட்டறையில்
நீல டிரம் நிறைய அசிட்டோன்.
பார்த்தால் தண்ணீர்.
தண்ணீரோடு எந்த அளவிலும் கலக்கும்,
தண்ணீரின் பொறுமை மட்டும் கிடையாது:
கையில் ஊற்றினால் ஒரு கணம் சில்லென்று,
பிறகு வெறும் கை, வெளுத்து, வறண்டு.
புதிதாய்ச் சேர்ந்த பையன் ஒருவன்
தெர்மோகோல் கோப்பையில் பிடித்துக்கொண்டு நடந்தான்.
பாதி வழியில் கோப்பைக்கு அடி இல்லை.
அந்த வாரம் முழுக்க அதுதான் சிரிப்பு.

ஜனவரியில் ஏரி உறையும். டீசல் கட்டிதட்டும்.
இது அசையாது காத்திருக்காது.
பூஜ்ஜியத்துக்குக் கீழே பதினைந்திலும்
தரையோடு தரையாக ஆவி ஊர்ந்து
ஒரு பொறியைத் தேடிப் போகும்.
அதனால் அங்கே யாரும் புகைப்பதில்லை,
ஸெனோன் உட்பட.

ஸெனோன் இந்தக் குளிர்காலத்தில் மெலிந்தான்.
பெல்ட்டில் ஆணியால் இரண்டு துளை போட்டுக்கொண்டான்.
எந்நேரமும் தாகம், குழாயடியிலேயே நின்றான்.
பேசும்போது இனிப்பாய் ஒரு நெடி.
யார் கவனிப்பார்?
பட்டறையில் எல்லோர் சட்டையும் அந்த நெடிதான்.
மதிய ரொட்டியும் அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை. பட்டறை பூட்டி இரண்டு நாள்.
சட்டைகள் துவைத்துக் கொடியில்.
உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்த போஷெனா
கத்தியோடு நிமிர்ந்தாள்:
"டின்னை வீட்டுக்குத் தூக்கிட்டு வந்தியா?
யார் மூடியைத் திறந்து வச்சது?"
படிக்கட்டுக்கு அடியில் பார்த்தாள். கார் டிக்கியில் பார்த்தாள்.
ஜன்னலைத் திறந்தாள். பனி வந்தது,
நெடி போகவில்லை.
சோபாவில் அவன்
ஓடி வந்தவன் போல் மூச்சு விட்டுக்கொண்டிருந்தான்.
தலையணையைச் சரிசெய்யக் குனிந்தபோதுதான்
திறந்திருந்தது அவன் வாய் என்று தெரிந்தது.

சுவாவ்கி ஆஸ்பத்திரியில் டாக்டர்
ஊசியைப் பொருத்திக்கொண்டே சொன்னாள்:
சர்க்கரையை எரிக்க வழியில்லாத உடம்பு
கொழுப்பை எரிக்கும்.
எரித்து, இதைத் தானே காய்ச்சிக்கொள்ளும்.
முன்னாடியே உங்களுக்கு வாசம் வரலையா?

இருபது வருடம் அதே பட்டறையில்
தூரிகை கழுவிய கைகளை
போஷெனா முகர்ந்து பார்த்தாள்.
பிறகு கேட்டாள்:
"இறுகிடுச்சா? இல்ல, இன்னும் நேரம் இருக்கா?"

டாக்டருக்குக் கேள்வி புரியவில்லை.
குழாயில் விழும் சொட்டுகளை
வாய்க்குள் எண்ணிக்கொண்டிருந்தாள்.