முழுப்பேர்

பகாவுக்கு வெளியே ஒரு செம்பனைத் தோட்டத்தில்
பத்தொன்பது வருஷமாக செக்ரோல் எழுதுகிறேன்.
மழை பத்து மணிக்கு வந்தால் அரைப்பேர்.
பன்னிரண்டைத் தாண்டிவிட்டால் முழுப்பேர்.
பெரட்டுக்கு வராதவனுக்குச் சிவப்பு மையில் ஒரு கோடு.
ஒரு நாள் என்பது இவ்வளவுதான், நான் படித்தவரை.

ஆண்ட்வெர்ப்பில் இருதயராஜ் இருக்கிறான்.
துறைமுகத்தில் கிரேன் பழுதுபார்க்கும் வேலை.
அவனுக்கு மனைவி இல்லை, நான் இருக்கிறேன்,
நூற்றெண்பது நாளில் தொண்ணூறு நாள்.

"ஜூலை பொறந்துட்டா புதுக் கணக்குலா" என்றான் போனில்.
இல்லை ராஜா.
புத்தாண்டுக்குப் புரட்டும் பேரேடு இல்லை அது.
எந்த நாளில் நிற்கிறேனோ அங்கிருந்து திரும்பி
நூற்றெண்பதைப் பின்னோக்கி எண்ணுவார்கள்.
மறுநாள் மறுபடியும் எண்ணுவார்கள்.
கால் முன்னால் போகும், முகம் பின்னால் இருக்கும்.

மார்ச் மூன்று.
புரூசல்ஸில் இறங்கியது இரவு பத்து நாற்பது.
முத்திரை விழும்போது பதினொன்று இருபது.
அந்த நாளில் நாற்பது நிமிஷம்தான் எனக்கு மிச்சம்.
முழுப்பேர் போட்டுவிட்டார்கள்.
கிளம்புகிற நாளுக்கும் அப்படியே,
விடியுமுன் விமானம் ஏறினாலும்.
அரைப்பேர் தெரியாத கிராணிகள்.

மார்ச்சும் ஏப்ரலும் ஐம்பத்தொன்பது.
ஜூலை பத்திலிருந்து முப்பது.
"இன்னும் ஒன்னு இருக்கே?"
"பிளைட் ரத்தானா?"
"ஆகாது."
"கையில ஒன்னு வேணும்."
அன்று ராத்திரி அந்த ஒரு நாள்
எங்களுக்கு நடுவில் படுத்திருந்தது.
காலையில் பேசாமல் முட்டை பொரித்தான்,
மஞ்சள் கரு இறுகும்வரை,
எனக்குப் பிடிக்காது என்று தெரிந்தே.

கண்ணாடிக்குப் பின்னால் ஓர் இளைஞன் பாஸ்போர்ட்டைப் புரட்டினான்.
லோகாம்பாள் ஏ/பி சின்னையா.
ஏபி உங்கள் நடுப்பெயரா என்று கேட்டான்.
மகள் என்று அர்த்தம் என்றேன்.
அவன் உதடு அசைந்தது, எண்ணிக்கொண்டிருந்தான்,
முப்பதுக்கும் முப்பத்தொன்றுக்கும் இடையில் தடுமாறினான்.
எண்பத்தொன்பது, என்றேன்.
நிமிர்ந்து ஒரு பார்வை.
பிறகு குத்தினான்.

ஆபீசில் என் மேசைமேல் பெர்மிட் கோப்புகள் குவிந்திருந்தன.
எத்தனை நாள் போயிருந்தீர்கள் என்று
ஷொஹிதுல் மலாயில் கேட்டான். சொன்னேன்.
அவன் ஜெசோருக்குப் போய் நாலு வருஷம்.
"உங்களை அங்கே போ என்கிறார்கள்" என்று சிரித்தான்.
மீதியைச் சொல்லவில்லை.
அவன் பாஸ்போர்ட் என் முதுகுக்குப் பின்னால்
இரும்பு அலமாரியில் இருக்கிறது.
சாவி என்னிடம்.

ஆகஸ்ட் முப்பதிலிருந்து நாட்கள் திரும்பி வருகின்றன.
முதலில் மார்ச் மூன்று, அந்த நாற்பது நிமிஷம்.
மெர்டேக்கா அன்று, பள்ளித் திடலில் கொடி ஏறும்போது, மார்ச் நான்கு.
செப்டம்பர் பன்னிரண்டில் மார்ச் பதினாறு:
டிராமில் இரண்டு பேரும் தூங்கிப்போய்
கடைசி நிறுத்தத்தில் ஓட்டுநர் தட்டி எழுப்பிய நாள்.
சட்டம் மறந்தால்தான் எனக்கு அது மறுபடி கிடைக்கும்.
ஒவ்வொரு காலையும் ஒன்றை மறக்கிறது, ஒழுங்காக,
சம்பள நாள் தவறாத முதலாளிபோல.
நான் அதே நாளை காலண்டரில் வட்டமிடுகிறேன்.

செலவழிக்காத அந்தத் தொண்ணூறாவது நாளுக்குத்தான்
தேதியே இல்லை.
எங்கே எழுதுவது? சிவப்புக் கோடா போடுவது?
இருதயராஜ் இன்னும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

இன்று பத்து மணிக்கே மழை.
ஷொஹிதுல் நனைந்தபடி வாசலில் நின்றான்,
அரிவாளிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட.
முழுப்பேர் போட்டேன்.
இடுப்பில் சாவி உறுத்தியது.