நீடாமங்கலம் கேட்

ஆலங்குடியைத் தாண்டியதும் பெயரைக் கேட்டேன்.
செங்கோட்டுவேலு, என்றான். ஆத்தூர்ப் பக்கம்.
அறுப்பு மெஷினோடு வந்தவன்.
பெல்ட்டில் சிக்கிய வைக்கோலைக்
காலால் உதைத்துத் தள்ளியிருக்கிறான்,
எல்லோரும் செய்வதுதான்.

அடிபட்டது ஏழு பத்துக்கு.
வயலிலிருந்து ரோட்டுக்குத் தூக்கிவர நாற்பது நிமிடம்.
வண்டி இறங்காத சேறு, சாய்ந்த சம்பா,
ஒரு கதவுப்பலகை, நாலு ஆள்.
தொடையில் யாரோ துண்டை முறுக்கிக்
கரும்புத் துண்டைச் செருகித் திருகியிருந்தார்கள்.
யார் கையோ, நல்ல கை.
அதை நான் அவிழ்க்கவில்லை,
அதற்கு மேலே இன்னொன்று கட்டினேன்.
அந்தக் காலின் செருப்பைக் கழற்றிப்
பாதத்தில் நாடி தேடினேன்.

கேட் மூடியிருந்தது.
இந்த ஊரில் கேட் மூடாத நேரம் எது.
மன்னார்குடி ரயிலுக்கு என்ஜின் மாற்றுகிறார்களாம்.
சைரனுக்கு பஸ் ஒதுங்கும்,
தண்டவாளம் ஒதுங்குமா?
பைலட் இதயத்துல்லா வண்டியை அணைத்தார்.
அணைத்ததும்தான் கேட்டது,
சொட்டு,
ஸ்ட்ரெச்சருக்கு அடியில், ரப்பர் தரையில்.

போனில் டாக்டர்: எத்தனை மணிக்கு அடி?
ஏழு பத்து. இப்போது எட்டு இருபத்தைந்து.
போடு, என்றார்.
மூன்று மணி நேரம் கடந்துவிட்டால் அதே மருந்து
உதவாது, உபத்திரவமும் செய்யும்.

டிரனெக்சாமிக் ஆசிட்.
இரண்டு ஆம்பூல், ஒரு கிராம்,
நூறு மில்லி சலைனில், பத்து நிமிடம்.

ரத்தத்தைக் கட்ட வைக்கிற மருந்தா என்று
இதயத்துல்லா முன்பு ஒருமுறை கேட்டிருக்கிறார்.
கட்டுவது உடம்புதான் அண்ணே.
வெண்ணாறு உடைப்பெடுத்த ராத்திரி
மூட்டை மூட்டையாய் மணல் போட்டோமே, அப்படி.
ஆனால் உள்ளே ஒரு தூர்வாருகிற ஆளும் இருக்கிறான்.
நல்லவன். அவன் இல்லையென்றால்
நம் வாய்க்காலெல்லாம் எப்போதோ தூர்ந்திருக்கும்.
உடைப்பெடுத்த அன்றைக்கும் வேலைக்கு வந்துவிடுகிறான்,
போட்ட மூட்டையையே வெட்டி எடுக்கிறான்.
இந்த மருந்து அவன் கையில்
பிடித்துக்கொள்ள வேறெதையோ கொடுத்துவிடுகிறது.
கை நிறைந்து நிற்கிறான்,
மண்வெட்டியை எடுக்க முடியாமல்.

வேகமாய் ஏற்றினால் பிரஷர் இறங்கும்.
எத்தனை இரவு இந்தக் கேட்டைத் திட்டியிருக்கிறேன்;
இன்று அது என்னை ஆடாமல் உட்காரவைத்தது.
மேலே பாட்டிலில் விழும் சொட்டை எண்ணினேன்.
கீழே விழுவதை எண்ணக்கூடாது என்றிருந்தேன்.
எண்ணினேன்.
வேர்க்கடலை விற்பவன் கண்ணாடியில் முகம் வைத்துப் பார்த்துவிட்டு
அடுத்த பஸ்ஸுக்குப் போனான்.
தண்ணி, என்றான் செங்கோட்டுவேலு.
தரக்கூடாது. பஞ்சை நனைத்து உதட்டில் வைத்தேன்.
"டேங்க் பாதிதான் ரொம்பியிருக்கு" என்றான்,
யாரிடம் என்று தெரியவில்லை.

கேட் தூக்கியபோது பாட்டிலில் கொஞ்சம் மிச்சம்.
கீழே சொட்டுக்கும் சொட்டுக்கும் நடுவே
ஒரு மூச்சு விட முடிந்தது.
மருந்தா, கட்டா, ரத்தம் குறைந்துபோனதா,
அந்த இருட்டில் யார் சொல்வது.

மன்னார்குடியில் நேரம் எழுதிய சீட்டைக் கொடுத்தேன்.
தியேட்டர் கதவு சாத்திக்கொண்டது.
அதற்குமேல் எங்களுக்குக் கதை கிடையாது.
வண்டியைக் கழுவினோம்.
உறைந்தது லேசில் போகாது, பிரஷ் வேண்டும்.
அன்று மட்டும் அதைத் தேய்க்க எரிச்சல் வரவில்லை.

குறுவைக்கு நாற்று விட்ட வாரம் ஒரு போன்.
என் நம்பரை எப்படிப் பிடித்தானோ.
"அக்கா, என் செருப்பு உங்க வண்டியில கெடக்கா?
புதுசு. பத்து நாள்கூடப் போடல.
எடது கால் மட்டும் இருந்தாப் போதும்."
சிரித்தானா, இருமினானா.

சீட்டுக்கு அடியில் கிடக்கிறது,
சேறு காய்ந்து வெடித்து.
குனிந்து பார்த்தேன்.
எங்களிடம் இருப்பது வலது.