கால்படும் இடம்

என் வேலை தரை.
கண்ணுக்குத் தெரிவதெல்லாம் இல்போவின் கைவண்ணம்:
புல், பாசி, ஏரிமேல் உறைந்த பனி,
பனிக்குள் அகப்பட்டுக்கொண்ட ஒரு பிர்ச் இலை.
அத்தனையும் வெறும் தோல்.
கால் வைத்தால் தாங்கு என்று
அதனிடம் சொல்லிவைப்பது நான்.

அக்கா மகன் ஒருமுறை கேட்டான்,
"இதில் எந்த அரக்கனை நீ செய்தாய்?"
எந்த அரக்கனையும் இல்லை,
அவன் சுவருக்குள் புகுந்துவிடாமல் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.
முகம் விழுந்துவிட்டது அவனுக்கு.

தாம்பரே நகரம், பழைய பஞ்சாலையின் மூன்றாம் மாடி.
தறிகள் நின்ற இடத்தில் இருபத்தாறு மேசைகள்.
ஜன்னலுக்குக் கீழே ஆறு பாறைகளில் மோதி இரைகிறது.
நவம்பர். மூன்றரைக்கெல்லாம் இருட்டிவிடும்.

சோதனை பார்க்கும் துவோவி
குறிப்பெழுதுவதில் மகா கஞ்சம்:
"குதிரை விழுகிறது. ஏரி, தென்மேற்கு. ஒன்பதாவது முறை."

என் திரையில் விழவில்லை.
நடத்திப் பார்த்தேன், பாயவிட்டுப் பார்த்தேன்,
பின்பக்கமாகக்கூட ஓட்டிப் பார்த்தேன்.
கல்லாய்க் கிடந்தது பனி.
"உன் குதிரைக்குத்தான் என்னவோ" என்றேன்.
"வந்து பார்" என்றாள்.

அவள் மேசை மாடிப்படிக்கு அடியில்.
கணினிக்கு ஒன்பது வயது,
விசிறி ஈளை வந்ததுபோல் இழுத்துக்கொண்டிருந்தது.
ஏரிக்கு வந்ததும் காட்சி திக்கித் திக்கி நகர்ந்தது.
குதிரை பாய்ந்தது.
ஒரு கணம் பனிக்கு மேலே. மறுகணம் அடியில்.
விரிசலில்லை, உடைந்த சத்தமில்லை.
சவாரிக்காரி சேணத்தில் நிமிர்ந்தபடியே
யாரும் வரையாத சாம்பல்நிற வெளிக்குள்
இறங்கிக்கொண்டே இருந்தாள்.
துவோவி ஒரு சால்மியாக்கியை வாயில் போட்டுக்கொண்டு
"பத்து" என்றாள்.

அப்போதுதான் உறைத்தது.
எங்கள் உலகத்தில் காலம் ஓடுவதில்லை, தத்துகிறது,
மாத்திரைக்கு மாத்திரை ஒரு தாவல்.
என் கணினியில் மாத்திரை சின்னது,
குளம்பும் பனியும் ஒருமுறையாவது சந்தித்துக்கொள்ளும்.
அவள் கணினியில் காலம் அகலக்கால் வைக்கிறது:
இந்தத் தாவலில் குதிரை மேலே,
அடுத்ததில் கீழே.
நடுவில், தொட்ட நேரம் என்ற ஒன்று
நடக்கவே இல்லை.

அதாவது,
நல்ல கணினி வாங்க முடிந்தவர்களுக்குத்தான்
நான் இதுவரை தரை போட்டிருக்கிறேன்.

தயாரிப்பைக் கவனிக்கும் ஹன்னெலே கணக்குக் காட்டினாள்:
இப்படிக் கணினி வைத்திருப்பவர் நூற்றுக்கு நாலு பேர்,
வெளியீட்டுக்குப் பதினொரு நாள்.
"ஏரியைச் சுற்றி ஒரு வேலி போட்டுவிடேன், சைமி."
வேலி ஐந்து நிமிட வேலை.
அந்த ஏரிக்காக ஆறு வாரம் உட்கார்ந்த இல்போ
ஒன்றும் பேசாமல் கோப்பையைக் கழுவ எழுந்து போனான்.
ஏற்கனவே கழுவிய கோப்பை.

மூன்று ராத்திரி.
காலத்தைத் துண்டு போட்டேன், எல்லாருக்கும் ஒரே அளவில்.
பழைய கணினி மூச்சு வாங்கட்டும், காட்சி நாலைத் தவறவிடட்டும்,
கணக்கு மட்டும் ஒரு படியையும் தாண்டாமல்
மாத்திரை மாத்திரையாக இறங்கி வரவேண்டும்.
முதல் ராத்திரி கதவெல்லாம் தானாகத் திறந்துகொண்டது.
இரண்டாம் ராத்திரி மழை மேல்நோக்கிப் பெய்தது,
திருத்த மனசு வராமல் பத்து நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தேன்.
மூன்றாவது விடிந்து வீட்டுக்குப் போகையில்
டிராம் நிறுத்தத்தில் ஒரு குட்டை, உறைந்திருந்தது.
குதிகாலால் தட்டினேன், ஏறி நின்றேன். தாங்கியது.
நன்றி சொல்ல எனக்கும் தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை துவோவியின் குறிப்பு,
அவளுக்கு இது நீளம்:
"குதிரை விழவில்லை. நாற்பது முறை பார்த்தாயிற்று.
ஆனால் சும்மா நிற்கும்போது
வால் மட்டும் நடுங்குகிறது.
குளிரோ?"