இரண்டாம் படம்

சோடன்கூலா முகாம். மைனஸ் இருபத்தாறு.
வெய்க்கா பூட்ஸைக் கழற்றும்போது
பனியில் கறுத்த விரல்களை எதிர்பார்த்தேன்.
பத்தும் ரோஜா நிறத்தில் சௌக்கியமாக இருந்தன.

விழவில்லை, வழுக்கவில்லை, எதிலும் இடிக்கவில்லை.
"நடந்தேன் டாக்டர், அவ்வளவுதான்."
முதுகில் இருபத்தைந்து கிலோ,
பதினோரு நாள்.

இரண்டாம் விரலின் நேர் பின்னால்,
புறங்காலின் நடுவே,
ஒரு காசு அளவு இடம்.
கட்டைவிரலால் அழுத்தினேன்.
தேவாலயத்தில் சொல்லக் கூடாத ஒரு சொல்
அவன் வாயிலிருந்து வந்தது.

எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை.
கழுவித் துடைத்து அடுக்கிய கரண்டிகள் போல
ஐந்து எலும்பு.
சார்ஜென்ட் லெஹ்டோவாரா படத்தை விளக்கில் பிடித்தார்.
நடிக்கிறான் என்று அவர் சொல்லவில்லை,
புருவம் சொன்னது.

எழுதிக் கொடுத்தேன்:
ஆறு வாரம் அணிவகுப்பு கூடாது,
வளையாத அடி வைத்த காலணி,
ஊன்றுகோல்.
ஆதாரம் என்ற கட்டத்தில்
என் கட்டைவிரல் என்றா எழுதுவது?
காலியாக விட்டேன்.

சமையற்கட்டில் உட்கார்ந்து
படைக்கே உருளைக்கிழங்கு உரித்தான் வெய்க்கா.
"நொண்டி ஜெனரல்" என்றார்கள்.
சிரித்தான், முதல் வாரம்.

மூன்றாம் வாரம் மறுபடி படம்.
எலும்பின் இடுப்பில்
பஞ்சு சுற்றினாற்போல் மங்கலாய் ஒரு மேகம்:
புது எலும்பு.
விரிசல் விட்டபோது காட்டிக்கொடுக்காத கால்
ஒட்டத் தொடங்கியதும் உளறிவிட்டது.

லெஹ்டோவாரா இம்முறை
படத்தைக் கீழே வைக்கவே இல்லை.
வெய்க்கா போன பிறகு
கதவைச் சாத்தினார்,
நாற்காலியை இழுத்துப் போட்டார்,
தன் இடது பூட்ஸின் நாடாவை
அவிழ்க்கத் தொடங்கினார்.