ஆணி அடிக்கக் கூடாது

வெங்கமேட்டில் வீடு பார்த்த அன்று
தெய்வாத்தா சொன்னது மூன்று.
அஞ்சு தேதிக்குள் வாடகை.
மோட்டார் போட்டால் பக்கத்திலேயே நின்று நிறுத்தணும்.
"செவுத்துல ஆணி மட்டும் அடிக்கப்படாது அம்மணி."

முதலிரண்டும் எல்லா வீட்டிலும் உள்ளவை.
மூன்றாவதைச் சொல்லும்போது
புதுப் பெயின்ட்டை
கன்றுக்குட்டி முதுகு போல
ஒருமுறை தடவிக்கொண்டார்.

ஆக, எங்கள் வீட்டில்
காலண்டர் பிரிட்ஜ் மேல் படுத்திருக்கிறது.
முருகன் அரிசி டப்பாவில் சாய்ந்து நிற்கிறார்.
கல்யாண போட்டோ பீரோவுக்குள், சேலைகளோடு.
கைத்துண்டுக்குத்தான் இடமே இல்லை.
மேடையில் போட்டால் ஈரம்,
தோளில் போட்டால் காணோம்,
பால் பொங்கும்போது
எப்போதும் அடுத்த அறையில்.

எனக்கா துண்டுக்குப் பஞ்சம்?
காலை ஒன்பதிலிருந்து செக்கிங் மேசை.
நாளுக்கு எண்ணூறு சமையலறைத் துண்டு
இந்த விரலுக்கடியில் போகிறது.
ஊடை விட்டது, எண்ணெய்க் கறை, ஓரம் கோணல்:
சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் தள்ளுவேன்.
கடல் தாண்டி யாரோ ஒருத்தி
ஓவன் கைப்பிடியில் மடித்துப் போடுவாளாம்.
கேட்லாக்கில் பார்த்திருக்கிறேன்.
அந்தப் படத்தில் ஈரமே இல்லை.

ரிஜெக்ட் துண்டு கிலோக் கணக்கில் கிடைக்கும்.
நான் எடுத்தது மஞ்சள் கட்டம்,
நடுவில் ஊடை விட்டுப்போய்
வகிடெடுத்த மாதிரி ஒரு கோடு.
அந்தக் கோட்டிலேயே கத்தரி வைத்தேன்.
பாதி பாதியாயிற்று.
குறை எந்தப் பாதிக்குப் போனதென்று
இன்றுவரை தெரியாது.

வைண்டிங்கிலிருந்து ஷம்ஷாத்
கோன் அடியில் மிஞ்சின நூல் கொண்டுவந்தாள்,
ஆறு இழை, வெங்காயத் தோல் நிறம்.
ஜவஹர் பஜாரில் குரோஷா ஊசி முப்பத்தைந்து ரூபாய்.
போனில் யாரோ ஒருத்தியின் கை மட்டும் தெரியும் வீடியோ.
அவள் இடது கைக்காரி.
இரண்டு ராத்திரி கழித்துத்தான் கண்டுபிடித்தேன்.
பிரித்தேன். மறுபடி போட்டேன்.

வெட்டின விளிம்பை மடித்து நாற்பது துளை.
துளைக்கு ஒரு கண்ணி.
அடுத்த வரியில் இரண்டிரண்டாய்ச் சேர்த்து இருபது,
அப்புறம் பத்து.
குழம்பு வற்றுவது போல
அகலம் சுண்டிச் சுண்டி வந்தது.
அங்கிருந்து பட்டையாய் மேலே ஏறணும்,
இருபத்திரண்டு வரி.
பதினாறாவதில் கரண்ட் போச்சு.
இருட்டிலும் கை நிற்கவில்லை.
காலையில் பார்த்தால் அங்கே
ஒரு கண்ணி கூடுதல்.
என் மேசைக்கு வந்திருந்தால் சிவப்பு ஸ்டிக்கர்தான்.
விட்டுவிட்டேன்.

பொத்தான், என் வீட்டுக்காரர் சட்டையிலிருந்து.
(சொந்தமாய் ஒரு செங்கல் இல்லாதவரையும்
வீட்டுக்காரர் என்பது
நம் பாஷையின் பெரிய மனசு.)
டெம்போவுக்குப் போட்டுப்போகிற காக்கி.
கழுத்துப் பொத்தானை
எப்படியும் அவர் போடுவதில்லை.

ஜன்னல் கம்பியைச் சுற்றிப்
பட்டையை மடித்துப் பொத்தானைப் போட்டேன்.
நின்றது.
இந்த வீட்டில் முதன்முதலாக ஒன்று
தொங்கியது.

ஆறாம் தேதி தெய்வாத்தா வந்தார்.
வாடகைக்கு இல்லை, அது கொடுத்தாயிற்று.
செவுத்துக்கு.
மூலை மூலையாய்ப் பார்த்து முடித்து
டீ குடித்தார், டம்ளரைத் தானே கழுவினார்,
கை தானாகத் துண்டுக்குப் போனது.
துடைத்த பிறகும்
சித்த நேரம் அங்கேயே நின்றது.
கூடுதல் கண்ணி இருந்த இடத்தைக்
கட்டைவிரல் தேய்த்துக்கொண்டிருந்தது.

"எங்க வாங்குனது?"
"நானே போட்டதுங்."
"எனக்கொண்ணு போட்டுக் குடேன்."

உங்க ஊட்டுல ஆணிக்கென்னங் பஞ்சம் என்று
நாக்கு நுனி வரைக்கும் வந்தது.
அதற்குள் அவரே
குரலை ஒரு படி இறக்கினார்:
"மருமவ புதுசா கிச்சன் மாத்தியிருக்கறா.
ஒரு ஆணி அடிக்க உடமாட்டேங்கறா, கண்ணு."

பட்டை எத்தனை நீளம் என்று கேட்டேன்.
விரலை விரித்துக் காட்டினார்.
மாற்றிக் காட்டினார்.
மேலே போய் அளந்து வருவதாகச் சொல்லிப்
படியேறினார்.

மீதிப் பாதித் துண்டு
பீரோவில் எங்கள் போட்டோவுக்கு அடியில் இருந்தது.
எடுத்து உதறினேன்.